திரும்பி ஓடும் குருதி, மேலேறும் புளிப்பு

பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ எக்கோ, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாலும் கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். ரிஃப்ளக்ஸ், ரிகர்ஜிட்டேஷன், ரெட்ரோகிரேட், ரெட்ரோவெர்ட்டட், ரிவர்ஸ் ஃப்ளோ என்று ஏதாவது ஒரு சொல் அதில் இருக்கக்கூடும். ஐந்துக்கும் அடிப்பொருள் ஒன்றுதான்: போகவேண்டிய திசைக்கு எதிராக ஏதோ போகிறது, அல்லது ஏதோ பின்னால் சாய்ந்திருக்கிறது. ஆனால் இவற்றில் ஒன்று வயிற்றுப் பிள்ளையின் உயிருக்கு உடனடி ஆபத்து என்று சொல்வது. இன்னொன்று ஐந்தில் ஒரு பெண்ணுக்கு இயல்பாகவே இருக்கும் அமைப்பு. தாளை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாலும் தெரியாது.

பெரம்பலூர் 1995-இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, 2007 நவம்பரில் மீண்டும் தனியானது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரியலூரும் ஒன்று. பெரிய டாக்டர் என்றாலே திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ பஸ் ஏறிப் பழகிய ஊர்கள் இவை. எக்கோவும் டாப்ளர் ஸ்கேனும் இப்போது இங்கேயே எழுதித் தரப்படுகின்றன. அவற்றில் உள்ள பின்னோட்டச் சொற்களைக் கண்டு வீணாகப் பயப்படுகிறவர்களும் உண்டு. பயப்படவேண்டிய இடத்தில் கேஸ் மாத்திரை போட்டுப் படுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. இந்த இரு தரப்பையும் மனத்தில் வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

உடலின் எந்தப் பின்னோட்டத்துக்கும் மூன்று கேள்விகள் போதும் என்பது என் முடிவு. எது திரும்புகிறது? ஏன் திரும்புகிறது? எவ்வளவு திரும்புகிறது? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டே விடைகள்தான். ஒன்று கதவு கெட்டிருக்கிறது, இல்லையென்றால் முன்பக்கம் அடைத்திருக்கிறது. கிணற்றில் மோட்டார் வைத்திருக்கும் ஆலத்தூர், வேப்பந்தட்டை விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். ஃபுட் வால்வின் வாஷர் தேய்ந்தால் குழாயில் ஏறிய தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். மறுநாள் தண்ணீர் ஊற்றி நிரப்பாமல் மோட்டார் இழுக்காது. மேலே குழாய் அடைத்துக்கொண்டாலோ நல்ல வால்வும் அழுத்தம் தாங்காமல் ஒழுகத் தொடங்கும். முதலாவதுக்கு வால்வை மாற்றவேண்டும், இரண்டாவதுக்கு அடைப்பை எடுக்கவேண்டும்.

உடலுக்குள் இப்படிக் கதவுகள் இருப்பதை ஐரோப்பிய மருத்துவம் தெளிவாகப் புரிந்துகொண்டது வெகு காலம் கழித்துத்தான். இத்தாலியின் பாதுவா நகரில் உடற்கூறு கற்பித்த ஃபாப்ரிசியஸ், சிரைகளுக்குள் இருக்கும் சிறு மடல்களைப் பற்றி 1603-இல் நூல் எழுதினார். ரத்தம் கீழே ஒரேயடியாகத் தேங்கிவிடாமல் மட்டுப்படுத்தவே அவை இருக்கின்றன என்று அவர் எண்ணினார். அவரிடம் படித்த ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி, முழங்கைக்குக் கீழே புடைத்த நரம்பை விரலால் அழுத்தி நீவிப் பார்த்தார். இதயத்தின் பக்கம் தள்ளினால் ரத்தம் போனது, கையின் பக்கம் தள்ளினால் மடலில் முட்டி நின்றது. மடல்கள் ஒருவழிக் கதவுகள், ரத்தம் சுற்றி வருகிறது என்று 1628-இல் அவர் வெளியிட்ட முடிவு மருத்துவத்தையே புரட்டிப்போட்டது. ரத்தம் எந்தத் திசையில் ஓடவேண்டும் என்பது நிலைநாட்டப்பட்ட பிறகுதான் திசை மாறுவதை நோய் என்று சொல்ல முடிந்தது.

ஓட்டத்தோடு தொடர்பே இல்லாத சொற்களை முதலில் ஒதுக்கிவிடலாம். கர்ப்பப்பை பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதைத்தான் ரெட்ரோவெர்ட்டட் என்று எழுதுகிறார்கள். பெரும்பாலான பெண்களுக்கு அது முன்னால் சிறுநீர்ப்பையின் மேல் கவிழ்ந்திருக்கும். ஐந்தில் ஒருவருக்குப் பின்னால் சாய்ந்திருக்கும். அது குழந்தைப்பேற்றைத் தானாகத் தடுப்பதில்லை. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) போன்ற நோயால் கர்ப்பப்பை பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேறு கதை, அங்கே நோய்தான் காரணம், சாய்வு அல்ல. கல்யாணமாகி ஓராண்டில் பிள்ளை இல்லை என்று ஸ்கேன் எடுத்து, இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மருமகளின் தலையில் குறையை ஏற்றும் வீடுகள் உண்டு. அந்தப் பெண்ணுக்குச் செய்யப்படும் அநியாயம் அது. அறிக்கையை எழுதுகிறவர் ‘இயல்பான மாறுபாடு’ என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் தவிர்ந்திருக்கும். முதுகெலும்பில் ஒரு கணு பின்னால் நழுவியிருப்பது ரெட்ரோலிஸ்தீசிஸ்; இது இடம் பெயர்தல், ஓட்டம் அல்ல. பித்தக்குழாயில் சிக்கிய கல்லை எடுக்கும் இ.ஆர்.சி.பி. சிகிச்சையின் பெயரிலும் ரெட்ரோகிரேட் உண்டு. அங்கே பின்னோக்கிப் போவது மருத்துவரின் கருவியும் சாயமும்தான்: பித்தம் குடலுக்குள் இறங்கும் வாசல் வழியே எதிர்த்து மேலே ஏறுகின்றன. நோயாளி உடம்பில் எதுவும் திரும்பி ஓடவில்லை.

இனி உண்மையான பின்னோட்டங்கள். ஊரில் அதிகம் பேசப்படுவது எதுக்களிப்பு. ‘சாப்பிட்டதெல்லாம் எதுக்களிக்குது’, ‘நெஞ்சக் கரிக்குது’, ‘புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் வருது’ என்பவை மூன்றும் வேறுவேறு அறிகுறிகள். மருத்துவர் இவற்றைத் தனித்தனியே கேட்டுக்கொண்டால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும். உணவுக்குழாயின் அடியில், இரைப்பையோடு சேரும் இடத்தில், இரண்டிலிருந்து நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு தசைவளையம் இறுகியிருக்கிறது. விழுங்கும்போது திறந்து மற்ற நேரம் மூடியிருப்பது அதன் வேலை. அது வேளைகெட்ட வேளையில் தளர்ந்தாலோ, உதரவிதானத்தின் துளை வழியே இரைப்பையின் மேல்பகுதி மார்புக்குள் ஏறிவிட்டாலோ அமிலம் மேலே வரும். இரைப்பைச் சுவர் தாங்கும் அமிலத்தை உணவுக்குழாயின் சுவர் தாங்காது. நெஞ்செரிச்சலுக்கும் உணவுக்குழாய் புண்ணாவதற்கும் அமிலமே காரணம் என்பதை 1935-இல் நியூயார்க் மருத்துவர் ஆஷர் விங்கெல்ஸ்டைன் எடுத்துக்காட்டினார்.

செட்டிகுளம், பாடாலூர் பக்கம் சின்ன வெங்காயம் நடவும் களையும் நடக்கிற நாட்களை எண்ணிப்பாருங்கள். காலையில் அவசரமாக வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, இடுப்பில் சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டு, மணிக்கணக்கில் குனிந்தே வேலை. குனிந்தால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடும், தசைவளையம் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் புளிப்பு மேலேறும். புகையிலை போட்டால் வளையம் இன்னும் தளரும். ராத்திரி எட்டரை மணிக்குத்தான் அடுப்பு பற்றும், சாப்பிட்ட கையோடு படுக்கை. படுத்தால் புவியீர்ப்பின் உதவியும் போய்விடுகிறது. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள் என்ற அறிவுரை விடியற்காலை எழுந்து வயலுக்குப் போகிறவருக்குப் பொருந்துமா? பொருந்தாது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவதும், இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும், பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றுவதும் அவரால் முடிந்தவை. அவற்றைச் சொல்லவேண்டும்.

மருந்து வேறு விஷயம். 1988-இல் ஒமிப்ரசோல் சந்தைக்கு வந்த பிறகு எதுக்களிப்புக்கான மருத்துவமே மாறியது. அதன் தம்பியான பான்டோபிரசோல் இன்று எந்த மருந்துக்கடையிலும் ‘கேஸ் மாத்திரை’ என்ற பெயரில் சீட்டில்லாமலே கிடைக்கிறது. இந்த மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், கதவைச் சரிசெய்யாது. உணவுக்குழாய் புண்ணாகியிருந்தால் இது அருமருந்து. ஆனால் யாரையும் கேட்காமல் வருடக்கணக்கில் விழுங்குவது சரியல்ல. சோறு இறங்கும்போது சிக்குவது, எடை குறைவது, ரத்த வாந்தி, கருப்பாக மலம் போவது என்று ஏதாவது இருந்தால் மாத்திரையை நம்பி நாளைக் கடத்தாமல் எண்டோஸ்கோப்பி பார்த்தே ஆகவேண்டும்.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. நெஞ்சை அடைப்பது, வியர்ப்பது, இடக்கை கடுப்பது, தாடை வலிப்பது எல்லாவற்றையும் ‘கேஸ் நெஞ்சுல ஏறிடுச்சு’ என்று சொல்லி, சோடா குடித்து, ஓமத்தண்ணி குடித்து, இரண்டு மூன்று மணி நேரத்தை வீணடித்த பிறகு மருத்துவமனைக்கு வந்து சேரும் மாரடைப்புகள் எத்தனையோ. நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர், நடந்தால் கூடி உட்கார்ந்தால் குறையும் வலி, இப்படி இருந்தால் இசிஜி எடுத்து மருத்துவர் பார்த்த பிறகே அதை எதுக்களிப்பு என்று முடிவுகட்டலாம். திசைமாறிய வாயுவின் மேல் நம் ஊரில் உள்ள நம்பிக்கை இந்த ஓர் இடத்தில் உயிரைக் கேட்கிறது.

அந்த நம்பிக்கை வெறும் மூடநம்பிக்கையும் அல்ல. உடலின் இயக்கத்தைத் திசையால் வகுத்துப் பார்த்த நீண்ட மரபு அதன் பின்னால் இருக்கிறது. சித்த மருத்துவம் பத்து வாயுக்களைச் சொல்கிறது. அவற்றில் அபானன் கீழ்நோக்குக் கால், உதானன் மேல்நோக்குக் கால், வியானன் பரவுக் கால், சமானன் நடுக் கால். மலமும் நீரும் கீழே தள்ளப்படுவது அபானனின் வேலை; வாந்தியும் ஏப்பமும் மேலே வருவது உதானனின் செயல். கீழே போகவேண்டியது தடைப்பட்டு மேலே திரும்பும் நிலைக்கு வடமொழி மருத்துவ நூல்கள் உதாவர்த்தம் என்று பெயரிட்டன. குன்மத்தை எட்டாகப் பிரித்த சித்தர் மருத்துவம் அவற்றில் ஒன்றை எரிகுன்மம் என்றும் இன்னொன்றைச் சத்திகுன்மம் என்றும் அழைத்தது. எரிவதையும் வாந்தியாவதையும் தனித்தனியே பார்த்த கூர்மை அதில் இருக்கிறது. முன்பக்கம் அடைத்தால் பின்பக்கம் ஏறும் என்ற கருத்தும் உதாவர்த்தத்துக்குள் இருக்கிறது. மலச்சிக்கலைத் தீர்த்தால் வயிற்று உப்புசமும் ஏப்பமும் குறைவது இன்றும் அனுபவத்தில் காண்பதே. ஆனால் தசைவளையத்தையும் வால்வையும் அந்த மரபு பார்க்கவில்லை. ஆகவே அதன் சொற்களை வைத்துக்கொள்ளலாம், நோய்க்காரணத்துக்கு அதை மட்டும் நம்பக்கூடாது என்பதே என் நிலைப்பாடு.

இந்த மரபுக்கும் அரியலூர் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. அந்தக் கோயிலைச் சார்ந்து இயங்கிய வீரசோழன் ஆதுலர்சாலையில் 15 படுக்கைகள் இருந்ததையும், மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், பணிப்பெண்கள் ஆகியோருக்குத் தந்த ஊதியத்தையும் அது சொல்கிறது. இருப்பில் வைத்திருந்த மருந்துகளின் பட்டியலும் அதில் உண்டு. கடுக்காயை முதன்மையாகக் கொண்டவை அதில் பல. பூண்டும் ஆமணக்கும் சேர்ந்த தைலமும் இருக்கிறது. கடுக்காயும் ஆமணக்கெண்ணெயும் குடலைக் கீழ்நோக்கி இளக்குபவை. மேலேறுவதைக் கீழே இறக்கவேண்டும் என்ற எண்ணம் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மருத்துவமனையின் மருந்தறைவரை வந்திருந்தது.

கைக்குழந்தை பால் கக்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. பிறந்த குழந்தையின் தசைவளையம் இன்னும் உறுதிப்பட்டிருக்காது. உணவோ பால், இருப்போ படுக்கை. எனவே கடைவாயில் பால் வழிவது நாலாம் மாதத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் தானாக நின்றுவிடும். எடை ஏறுகிறது, குழந்தை சிரித்து விளையாடுகிறது என்றால் மருந்தே வேண்டாம். பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்தால் போதும். அப்பாயிகள் காலங்காலமாகச் செய்துவந்தது இதைத்தான், இது சரியானது. ஆனால் பிள்ளை பால் தங்காமல் கக்கினால் ‘தொக்கம் விழுந்திருக்கு’ என்று சொல்லி, தொக்கம் எடுப்பவரிடம் கொண்டுபோய் வயிற்றைத் தடவி, ஊதி எடுக்கும் வழக்கமும் இந்தப் பக்கத்தில் உண்டு. அதனால் கழியும் நேரம்தான் கவலைக்குரியது. பிறந்து மூன்று முதல் ஆறு வாரத்தில் பால் பீய்ச்சியடித்து வெளியே வந்தால், இரைப்பையின் வாசல் தசை தடித்து அடைத்திருக்கலாம். 1912-இல் கான்ராட் ராம்ஸ்டெட் வெளியிட்ட எளிய அறுவை இன்றும் அதைத் தீர்க்கிறது. வாந்தி பச்சையாக இருந்தால் அது பித்தம், அதாவது அடைப்பு இரைப்பைக்கும் கீழே இருக்கிறது, குடல் முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். முறுக்கிய குடலுக்கு ரத்தம் நின்றால் சில மணி நேரத்தில் அழுகிவிடும். பச்சை வாந்தி எடுக்கும் பச்சிளங்குழந்தையை எந்தத் தடவலுக்கும் கொண்டுபோகாதீர்கள். குழந்தை அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே கொண்டுபோங்கள்.

வாந்தி என்பதே உடல் தானாகச் செய்யும் பெரிய பின்னோட்டம். சிறுகுடலின் நடுவிலிருந்து ஓர் அலை எதிர்த்திசையில் கிளம்பி, உள்ளிருப்பதை இரைப்பைக்குத் திருப்பித் தள்ளும். பிறகு வயிற்றுத் தசையும் உதரவிதானமும் சேர்ந்து இறுக்கி வெளியேற்றும். நஞ்சை வெளியேற்ற உடலுக்கு உள்ள வழி என்பதால்தான் பூச்சிமருந்து குடித்தவருக்குச் சாணிக்கரைசலும் சோப்புத்தண்ணீரும் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கிறார்கள். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பெரம்பலூரில் பூச்சிமருந்து டப்பா இல்லாத வீடு குறைவு. அதனால் அழுத்திச் சொல்கிறேன்: மண்ணெண்ணெய், அமிலம், காரம் இவற்றைக் குடித்தவரை வாந்தி எடுக்கவைக்கவே கூடாது. அமிலம் மேலே வரும்போது தொண்டையை இரண்டாம் முறை சுடும். மண்ணெண்ணெய் புறையேறி நுரையீரலுக்குள் போய்விடும். பூச்சிமருந்து குடித்து மயங்குகிறவர் வாயில் கரைசலை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குத்தான் போகும். டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு 108-இல் ஏற்றுவதே முதலுதவி.

இதயத்துக்கு வருவோம். நான்கு அறைகளுக்கு நான்கு வால்வுகள். வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் வருவதைத்தான் ரிகர்ஜிட்டேஷன் என்று எழுதுகிறார்கள். ஊரில் ‘வால்வு லீக்’ என்று சொல்லிவிடுகிறார்கள், அது பொருத்தமான பெயரே. டப்ளின் மருத்துவர் டொமினிக் காரிகன் 1832-இல் பெருந்தமனி வால்வுக் கசிவைக் காதாலும் விரலாலும் கண்டறிந்து விரித்தெழுதினார். நாடி பலமாக எகிறி உடனே தளர்ந்துவிடும் அந்தத் துடிப்புக்கு இன்றும் அவர் பெயர்தான். இன்று கண்ணாலேயே பார்க்கலாம். 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் நட்சத்திர ஒளியைப் பற்றிச் சொன்ன விதி, 1953-இல் ஸ்வீடனின் எட்லரும் ஹெர்ட்சும் தொடங்கிய எக்கோவோடு பிற்காலத்தில் சேர்ந்தது. கருவியை நோக்கி வரும் ரத்தம் சிவப்பாகவும், விலகிப் போவது நீலமாகவும் திரையில் தெரியும். வால்வில் வேகமாகப் பீறிடும் கசிவு பல நிறம் கலந்து சிதறும். சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம் என்று திரையைப் பார்க்கிறவர்கள் எண்ணிக்கொள்வதுண்டு. அது திசையை மட்டுமே காட்டும் நிறம்.

மூன்றாவது கேள்வியான ‘எவ்வளவு’ இங்கேதான் உயிர்நாடி. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கும் மூவிதழ் வால்வில் மிகச் சிறு கசிவு தென்படும். எக்கோ கருவியின் கண் அவ்வளவு கூர்மை. அறிக்கையில் ‘ட்ரிவியல்’ அல்லது ‘மைல்ட்’ என்று முன்னால் ஒரு சொல் இருக்கும். ஆனால் பின்னால் வரும் நீண்ட சொல்தான் கண்ணில் படும். ‘மூவிதழ் வால்வில் மிகச் சிறு கசிவு, நோயல்ல, மருந்து வேண்டாம்’ என்று அந்தத் தாளிலேயே தமிழில் எழுத அரை நிமிடம் ஆகுமா? அந்த அரை நிமிடம் ஒரு குடும்பத்தின் பல மாதத் தூக்கத்தைக் காப்பாற்றும்.

அதே சொல் இன்னொரு பிள்ளைக்கு நடுத்தரம் அல்லது கடுமை என்று வந்தால் கதை வேறு. ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள், தொண்டைப்புண்ணாக ஆரம்பிக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமித்தொற்று சில பிள்ளைகளுக்கு வாதக் காய்ச்சலாகிறது. மூட்டுகள் ஒன்று மாற்றி ஒன்று வீங்கும், பிறகு தணிந்துவிடும். ஆனால் இடப்பக்க ஈரிதழ் வால்வு தழும்பேறிச் சுருங்கும், அல்லது மூடாமல் கசியும். நெரிசலான வீடும் தாமதமான மருத்துவமும் உள்ள இடத்தில் இந்த நோய் வேரோடும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டால் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து வால்வை மேலும் கெடுப்பதைத் தடுக்கலாம். பல ஆண்டுகள் போடவேண்டும். வால்வு கெட்டிருந்தால் நாற்பது வயதுவரைகூடச் சொல்வார்கள். வலிக்கிற ஊசி, பிள்ளையோ நன்றாக ஓடியாடுகிறது, பிறகு எதற்கு என்று நிறுத்திவிடுவதே பெரும் துயரம். வால்வை மாற்றும் நிலை வந்தவர்களுக்கு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் உருவாக்கி 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்திய இந்திய வால்வு பெரிய கொடை. வெளிநாட்டு வால்வின் விலையைக் கேட்டே திரும்பிப்போனவர்களை அது அறுவை மேசைக்குக் கொண்டுவந்தது.

கால் நரம்பு சுருட்டிக்கொள்வதும் வால்வுக் கசிவுதான், இடம் மட்டும் வேறு. அசையாமல் நிற்பவரின் கணுக்காலில் சிரை அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிந்து மேலே தள்ளுவதால் 30-க்கும் கீழே வந்துவிடும். எனவே கெடுதல் நடையில் இல்லை, நின்ற இடத்திலேயே நிற்பதில் இருக்கிறது. சிமெண்ட் ஆலையில் ஒரே இடத்தில் நின்று ஷிஃப்ட் பார்ப்பவர், ஹோட்டலில் பரோட்டா போடுபவர், ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நிற்கும் பெண் எல்லோருக்கும் இது பொருந்தும். மடல்கள் மூடாமல் போனால் ரத்தம் இறங்கித் தேங்கி, கணுக்கால் கறுத்து, அரித்து, ஆறாத புண்ணாகும். அந்தக் கறுப்பைத் தோல்நோய் என்று களிம்பு போட்டுக் காலம் கழிக்கிறார்கள். புண் வருவதற்கு முன்பே டாப்ளர் எடுத்துப் பார்த்தால் இறுக்கமான காலுறையோ லேசர் சிகிச்சையோ போதுமானதாக இருக்கும்.

சிறுநீர் திரும்பி ஏறுவது வெளியே தெரியாத பின்னோட்டம். சிறுநீரகக் குழாய் சிறுநீர்ப்பையின் சுவருக்குள் சாய்வாகப் புகுகிறது; பை நிறைந்தால் அந்தச் சாய்வே அமுங்கி வழியை மூடிவிடும். சாய்வுப் பாதை குட்டையாகப் பிறந்த குழந்தைகளுக்கு ஒவ்வொரு முறை நீர் கழிக்கும்போதும் கொஞ்சம் மேலே ஏறும். நூறில் ஒரு குழந்தைக்கு இது உண்டு. காய்ச்சலோடு சிறுநீர்த்தொற்று வந்த குழந்தைகளைச் சோதித்தால் மூன்றில் ஒன்றுக்கு இருக்கிறது. ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். கீழ்ப்படிகள் வளர வளரத் தாமே சரியாகும். மேல்படிகளைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழும். சளி இல்லை, இருமல் இல்லை, காரணம் தெரியாத காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் சிறுநீரைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆண்குழந்தை நீர் கழிக்கும்போது சொட்டுச்சொட்டாக முக்கினால் முன்பக்க அடைப்பு இருக்கலாம்; அதை எடுக்காமல் பின்னோட்டம் தீராது.

ஆண்களிடம் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று உண்டு. நீண்டகாலச் சர்க்கரையால் நரம்பு கெட்டாலோ, புரோஸ்டேட் அறுவை செய்திருந்தாலோ, அதற்காகச் சில மாத்திரைகளைச் சாப்பிட்டாலோ சிறுநீர்ப்பையின் கழுத்து மூடாமல், விந்து வெளியே வராமல் பைக்குள் போய்விடும். உடலுக்கு அதனால் கேடில்லை. பிள்ளை வேண்டுமென்றால் மட்டுமே சிக்கல். அப்போதும் உறவுக்குப் பின் கழித்த சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும், அதிலிருந்தே உயிரணுக்களைப் பிரித்துச் சிகிச்சைக்குப் பயன்படுத்தவும் முடியும். மனைவியை மட்டும் வருடக்கணக்கில் சோதனைக்கு அனுப்பும் முன் இதைச் செய்யலாம். ரத்தம் திரும்பும் இன்னொரு இடம் கல்லீரல். குடியால் அது இறுகியவர்களுக்குக் கல்லீரலுக்குள் போகவேண்டிய ரத்தம் முன்பக்கம் வழியில்லாமல் திரும்பி, உணவுக்குழாயின் சிரைகளைப் புடைக்கவைக்கிறது. அவை வெடிப்பதாலேயே அவர்கள் ரத்த வாந்தி எடுக்கிறார்கள். இங்கே வால்வு ஏதும் கெடவில்லை, முழுக்க முழுக்க அடைப்பின் வேலை.

மாதவிடாய் ரத்தம் கருக்குழாய் வழியே வயிற்றுக்குள் திரும்பிச் சொட்டுவதை 1927-இல் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்சன், எண்டோமெட்ரியோசிஸ் நோய்க்குக் காரணமாக முன்வைத்தார். பிறகு பார்த்தால் பெரும்பாலான பெண்களுக்கு அப்படிச் சொட்டத்தான் செய்கிறது. பத்தில் ஒருவருக்குத்தான் நோய் வருகிறது. ஆகவே பின்னோட்டம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. தீட்டு வலி எல்லோருக்கும்தான் என்று அடக்கிவிடுவதற்கு இது காரணமும் ஆகாது. பள்ளிக்கூடம் போகமுடியாத அளவுக்கு வலிக்கும் பெண்ணை ஒருமுறையாவது பெண் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

கடைசியாக, இந்தச் சொற்களில் மிக அவசரமானது. கர்ப்பிணியின் டாப்ளர் ஸ்கேனில் தொப்புள்கொடித் தமனியை அளப்பார்கள். குழந்தையின் இதயம் சுருங்கும்போதும் விரியும்போதும் ரத்தம் நஞ்சுக்கொடியை நோக்கியே ஓடவேண்டும். நஞ்சுக்கொடியின் நாளங்கள் அடைபட அடைபட, விரியும் வேளையின் ஓட்டம் முதலில் குறையும், பிறகு நிற்கும், பிறகு குழந்தையின் பக்கமே திரும்பும். அதையே ரிவர்ஸ் ஃப்ளோ என்று எழுதுகிறார்கள். தாய்க்கு வலி இருக்காது, ரத்தப்போக்கு இருக்காது. பிரஷர் கூடியிருக்கலாம், வயிறு வளராமல் இருந்திருக்கலாம். இந்த நிலையில் 30–32 வாரத்தை ஒட்டியே குழந்தையை வெளியே எடுத்துவிட மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நிலைமை மோசமானால் அதற்கும் முன்பே. செந்துறையிலோ வேப்பூரிலோ இந்த அறிக்கையை வாங்கியவர் நாள் பார்த்துக்கொண்டோ, வளைகாப்பு முடியட்டும் என்றோ வீட்டுக்குத் திரும்பக்கூடாது. அங்கேயே, அந்த மருத்துவரிடம் மூன்றைக் கேட்கவேண்டும்: இன்று எத்தனை வாரம்? நுரையீரல் முதிர்வதற்கான ஊசி போட்டாகிவிட்டதா? பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள எந்த மருத்துவமனைக்கு, எத்தனை மணிக்குப் புறப்படவேண்டும்?